அப்பா லேமினேட் செய்த கடிதம்

கட்டுமாவடி
3.2.2021

அன்புள்ள அக்கா,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவின் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. சென்னையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். வீட்டிலிருக்கும் ஒரே பட்டன் போன் விடிந்ததிலிருந்து ஏலக்கடை மீன் விலையைத்தான் பேசுகிறது. உன்னிடம் பேசும்போதுகூட அப்பா, "சாப்பிட்டியா ஆத்தா? சரி, வச்சிடுறேன்" என்று முடித்துவிடுகிறார். என் கேள்விகள் அதைவிட நீளமானவை.

வரும் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறக்கிறார்கள். பத்து மாதத்துக்கு மேல் கல்வித் தொலைக்காட்சியோடு குடும்பம் நடத்தியாயிற்று. நூலகப் புத்தகங்களைக் கரையான் தின்றிருக்குமோ என்பதுதான் என் கவலை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். டீக்கடை சிவசாமி மாமா நேற்று சொன்னார்: "கொரோனாவா? போட்ட தூளையே மறுபடி மறுபடி போட்டா சாயம் எறங்குமா? அதுவும் அப்படித்தான், நீத்துப் போச்சு." அப்பா உடனே, "ஒங்க கடையில அதத்தானண்ணே தெனம் குடிக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். வைரஸ் என்பது டீத்தூளா? நாளாக ஆக அதன் வலு உண்மையிலேயே குறையுமா?

அப்பா தினமும் ஆவுடையார்கோவில் வரை தெருத்தெருவாக மொபெட்டில் மீன் விற்கிறார். வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரையும் இருக்கிறது. அதனால் எனக்கு இது பொது அறிவுக் கேள்வி இல்லை. நீ நர்ஸ். கொரோனா வார்டிலேயே வேலை பார்த்தவள். உன்னைவிட யாருக்குத் தெரியும்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரகதீஸ்வரி


சென்னை
14.2.2021

அன்புத் தங்கை பிரகாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். மெஸ்ஸில் மீன் குழம்பு என்று ஒன்று ஊற்றுகிறார்கள். அப்பா பார்த்தால் அழுதுவிடுவார்.

உனக்கு நல்ல செய்தி. எங்கள் கொரோனா வார்டைப் போன வாரம் பூட்டிவிட்டார்கள். கட்டில்களில் படுக்கைகூட இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, இங்கேயா அத்தனை மாதம் ஓடினோம் என்றிருந்தது.

நீ கேட்டது சரியான கேள்வி. ஆமாம், வைரஸ் வலு குறையும். தான் குடியிருக்கும் ஆளையே கொன்றுவிட்டால் வைரஸுக்கும் வீடில்லை. ஆகவே கொல்லாமல் பரவுகிற வகைதான் நிலைத்து நிற்கும். போகப்போகச் சாதாரணச் சளி மாதிரி ஆகிவிடும். எங்கள் பெரிய டாக்டரும் இதைத்தான் சொன்னார். இனிப் பயமில்லை என்று அப்பாவிடம் சொல்.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். பங்குனியில் லீவு கிடைத்தால் ஊருக்கு வருவேன். அம்மாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
சொர்ணவல்லி


கட்டுமாவடி
7.3.2021

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். பள்ளி திறந்துவிட்டது. நூலகத்தில் கரையான் வரவில்லை, எலி வந்திருக்கிறது. அகராதியில் "க" மட்டும் போயிற்று.

உன் கடிதத்தை அப்பா மூன்று முறை வாசிக்கச் சொன்னார். "கையெழுத்துப் போட்டிருக்காளா?" என்று கேட்டார். போட்டிருக்கிறாள் என்றேன். மறுநாள் மீன் விற்று முடித்ததும் நேராக அறந்தாங்கி போய், ஜெராக்ஸ் கடையில் அதை லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார்! ஐஸ் தண்ணீர் பட்டால் எழுத்து அழிந்துவிடுமாம். இப்போது அது ஐஸ் பெட்டியின் பக்கத்தில் செருகியிருக்கிறது. மீன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் உன் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு ஆவுடையார்கோவிலில் ஓய்வு பெற்ற தபால்காரர் செந்தமிழன் ஐயா சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். "முப்பது வருசம் கடுதாசி குடுத்தேன், ஒண்ணையும் படிச்சதில்ல. இதப் படிச்சாச்சு" என்றாராம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். ஒரு தாலுகாவே உன் எழுத்தை வாசிக்கிறது, அக்கா.

ஆனால் ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளாதே. நோய் வந்த முதல் சில நாள்களிலேயே அது அடுத்தவருக்குப் பரவிவிடுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆள் மோசமாவது அதற்கு அப்புறம்தான். அப்படியென்றால், அறந்தாங்கியில் இறங்கிவிட்ட பயணிக்கு அந்த பஸ் புதுக்கோட்டை போவதற்குள் கவிழ்ந்தால் என்ன, கவிழாவிட்டால் என்ன? வைரஸும் முன்பே இறங்கி வேறு பஸ் ஏறிவிட்டதல்லவா? பிறகு எதற்காக அது மென்மையாக மாற வேண்டும்?

இன்னொன்று. ஊசி போடுகிறார்கள் என்று எழுதினாய். நீ போட்டுக்கொண்டாயா?

அன்புடன்,
பிரகா


சென்னை
4.4.2021

அன்புள்ள பிரகா,

நலம். நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

வார்டைத் திறந்துவிட்டார்கள். கட்டில் போதவில்லை. அப்பாவை மாஸ்க் போடச் சொல். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு இந்த மாதத்திலிருந்து ஊசி போடுகிறார்கள். ஆவுடையார்கோவில் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்து உடனே கூட்டிப் போ.

அந்தக் கடிதத்தை இனி யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்.

உன் பஸ் கேள்வியை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பங்குனிக்கு வர முடியாது.

சொர்ணவல்லி


கட்டுமாவடி
23.5.2021

அன்புள்ள அக்கா,

இங்கே மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இந்தக் கடிதம் முழுக்க இருக்கிற ஒரே கேள்வி. ஏப்ரலில் நான் எழுதியதற்குப் பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை "nalam. duty." என்று மெசேஜ் வருகிறது. அம்மா அதைப் படிக்கத் தெரியாமலே பத்து முறை பார்க்கிறாள்.

அப்பா ஊசி போடவில்லை. கூப்பிட்டால், "எம் மக எழுதிக் குடுத்துருக்கா. அதுக்கு மேல எவன் சொல்லணும்?" என்கிறார். காட்ட வேண்டாம் என்று நீ எழுதியதையும் வாசித்தேன். "அது வேல அலுப்புல எழுதினது. கையெழுத்தக்கூடச் சரியாப் போடல பாரு" என்கிறார்.

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். செந்தமிழன் ஐயா போன வாரம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். கொரோனாதான். அவரும் ஊசி போட்டிருக்கவில்லை. அப்பா போக முடியவில்லை. ஊரடங்கு. கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். ஐஸ் பெட்டியிலிருந்த உன் கடிதம் இப்போது அவர் சட்டைப் பெட்டியில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை. கிழிக்கவும் இல்லை.

ஒரு வரியாவது எழுது அக்கா.

பிரகா


சென்னை
30.6.2021

அன்பு பிரகா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். டூட்டி அதிகம். பேனா கிடைக்கவில்லை, பென்சிலில் எழுதுகிறேன். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

செந்தமிழன் ஐயா சேதி படித்தேன்.

அப்பா ஊசி போட்டாரா?

சொர்ணவல்லி


கட்டுமாவடி
25.7.2021

அன்புள்ள அக்கா,

நலம். அப்பா தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். பத்தாம் வகுப்பு ஆரம்பித்துவிட்டது, மறுபடியும் தொலைக்காட்சியில்.

உன் பென்சில் கடிதத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவர்களும் பார்த்திருப்பார்கள். உன் வரிகள் எப்போதும் கோடு போட்டது போல நேராகப் போகும். இதில் எல்லா வரியும் வலப்பக்கம் சரிந்து விழுகிறது. படுத்துக்கொண்டு எழுதினால்தான் அப்படி வரும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது எழுதிய வீட்டுப்பாடம் அப்படித்தான் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அறிவியல் டீச்சர் ஒரு புத்தகம் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் முயல்கள் பயிரையெல்லாம் தின்கின்றன என்று 1950இல் அங்கே ஒரு வைரஸைப் பரப்பினார்களாம். முதலில் நூற்றில் தொண்ணூற்றொன்பது முயல் செத்தது. சில வருடத்தில் வைரஸ் கொஞ்சம் தணிந்தது. நீ எழுதியது போலத்தான்! ஆனால் கொல்வதை நிறுத்தவே இல்லை. முயல்களுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்தது. அதற்குப் பிறகு வைரஸ் மறுபடியும் கடுமையானதாம். ஆகவே தணியலாம், பாதியில் நிற்கலாம், திரும்ப ஏறவும் செய்யலாம். ஒரே பக்கமாகப் போகும் பாதை அதற்கு இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். "முயலு வேற, நாம வேற" என்றார். இப்போது எல்லாம் அடங்கிவிட்டது, இனி எதற்கு ஊசி என்கிறார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் அக்கா. அவருக்கு நான் சொல்வது புரிகிறது. உன் கடிதம் தவறு என்று ஒத்துக்கொண்டால், செந்தமிழன் ஐயா விஷயத்தில் உன் பெயரும் வந்துவிடும். அதற்காகத்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஊசி போட்டுக்கொண்டால் உன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி என்று நினைக்கிறார். அப்பா அப்படித்தான். அன்பைக்கூட முரட்டுத்தனமாகத்தான் செய்வார்.

என்னால் அவரை விடுவிக்க முடியாது. நீ எழுதினால்தான் முடியும்.

அன்புடன்,
பிரகா


சென்னை
29.8.2021

அன்புள்ள பிரகா,

இப்போது நலம். "இப்போது" என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். நீ எதைத்தான் கவனிக்கவில்லை?

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு முழுதாக வாசி. அம்மாவை முதலில் உட்கார வை.

அப்பா, பிப்ரவரியில் நான் எழுதியது தவறு. பெரிய டாக்டர் டீ குடிக்கும்போது அப்படி ஆக வேண்டும் என்ற ஆசையில் சொன்னதை, நிச்சயமான சேதி போல நான் எழுதிவிட்டேன். பிரகா கேட்ட பஸ் கேள்விதான் சரி. வைரஸுக்கு நம்மீது இரக்கப்பட ஒரு கட்டாயமும் இல்லை.

அந்த வரியை முதலில் நம்பியதும் நான்தான். உங்களுக்குக் கடிதம் எழுதிய அதே வாரம் ஊசிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் வந்தால் லீவு வீணாகும், நோய்தான் தணிந்துவிட்டதே, ஊருக்குப் போய்விட்டு வந்து போடலாம் என்று விட்டுவிட்டேன். ஏப்ரல் கடைசியில் எனக்கு வந்தது. பூட்டிவிட்டார்கள் என்று எழுதினேனே, அதே வார்டில், ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டிலில் பதின்மூன்று நாள் ஆக்சிஜனோடு கிடந்தேன். மெசேஜ் அனுப்பியது என் அறைத்தோழி அருள்மணி. என் குரலைக் கேட்டால் அம்மா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் போன் எடுக்கவில்லை. அருள்மணிக்கும் வந்தது. அவள் இரண்டு ஊசியும் போட்டிருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினாள். இரண்டு பேர் கதையை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்று பிரகா சொல்வாள். சரிதான். ஆனால் வார்டில் நான் பார்த்ததும் பெரும்பாலும் அதுதான்.

இப்போது முதல் ஊசி போட்டாயிற்று. வேலைக்கும் திரும்பிவிட்டேன். மாடிப்படியில் மட்டும் பாதியில் நிற்கிறேன்.

செந்தமிழன் ஐயா வாசித்த வரி என்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எனக்காகச் சுமக்க வேண்டாம் அப்பா. நீங்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டால் எனக்கு அது போதும்.

கையெழுத்தைச் சரியாகப் போட்டிருக்கிறேன். பாருங்கள்.

உங்கள் மகள்,
ஆ. சொர்ணவல்லி


கட்டுமாவடி
13.9.2021

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

நீ சொன்னபடி அம்மாவை உட்கார வைத்தேன். அப்படியும் பாதியில் எழுந்து, "பதிமூணு நாளா? எம் புள்ள பதிமூணு நாளா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா, "மூணாவது கட்டில்னு எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய் ஐஸ் பெட்டியைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார். ஒரு மணி நேரம் கழுவினார். திரும்பி வந்து, "ஆத்தா, ஊசி எங்கிட்டுப் போடுறாங்க?" என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பெரிய முகாம். எங்கள் பள்ளியில்தான். என் வகுப்பு பெஞ்சிலேயே அப்பா உட்கார்ந்தார். ஊசி போட்ட நர்ஸம்மாவிடம், "எம் மகளும் ஒங்கள மாதிரிதாங்க. ஒரு கடுதாசி தப்பா எழுதிருச்சு. அதுவே திருத்திருச்சு" என்றார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல், "சரிங்கய்யா, எந்தக் கையில போட?" என்றார். "கையெழுத்துப் போடுற கையில வேணாம்" என்றார் அப்பா. அவர் போடுவது ஒரே ஒரு கையெழுத்து, ரேஷன் கடையில்!

அங்கேயே அம்மாவுக்கும் போட்டாயிற்று. பிறகு அறந்தாங்கி ஜெராக்ஸ் கடைக்குப் போய், பழைய கடிதத்தின் பின்பக்கத்தில் புதியதை வைத்து மறுபடி லேமினேட் செய்துவிட்டார். நான் தடுத்தேன். உன் சொந்த விஷயமெல்லாம் அதில் இருக்கிறதே என்றேன். "மொதக் கடுதாசியப் படிச்சவுங்க ரெண்டாவதையும் படிக்கணும்ல" என்றார். முதலில் செந்தமிழன் ஐயா வீட்டுக்குத்தான் எடுத்துப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஐயாவின் மனைவி நெத்திலி வாங்கிக்கொண்டார்களாம். அதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அக்கா, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை நான் எப்போதும் முதலில் படிப்பேன், தவறு கண்டுபிடிக்கிற ஆசையில். இனி அப்படிப் படிக்க மாட்டேன். அதை எழுத எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று உன்னிடம் பார்த்துவிட்டேன். நீ வார்டில் ஓடியதற்காகத்தான் இத்தனை நாளும் உன்னைப் பெரிதாக நினைத்தேன். இப்போது இதற்காகவும்.

உன்,
பிரகா


சென்னை
16.1.2022

அன்புள்ள பிரகா,

நலம். பொங்கலுக்கும் வர முடியவில்லை. மூன்றாவது அலை. மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் தந்தார்கள். மீன் குழம்பை விட மேல்.

எல்லோரும் உன் பழைய கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்தத் தடவை பெரும்பாலானவர்கள் மூன்று நாளில் எழுந்துவிடுகிறார்கள். புது வகை நுரையீரலில் முன்பு போல ஆழமாக இறங்குவதில்லை என்கிறார்கள். அதே சமயம், எங்கள் வார்டில் ஆக்சிஜன் கட்டிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஊசி போடாதவர்கள்தான். வைரஸ் மெலிந்ததா, நாம் தேறினோமா, இரண்டும் எந்த அளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அடுத்து வருவது எப்படி இருக்கும் என்றும் தெரியாது.

கடைசிச் சொல்லுக்குக் கீழே போட்ட அடிக்கோடு அப்பாவுக்காக. காட்டு.

முந்தாநாள் மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறினேன்.

சொர்ணவல்லி


கட்டுமாவடி
6.2.2022

அன்புள்ள அக்கா,

நலம், நலம், நலம். மாடிக்கு ஒன்றாக மூன்று. அம்மா உனக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

எனக்கும் பள்ளியிலேயே ஊசி போட்டார்கள். கை வலித்தது, காய்ச்சல் இல்லை. போன மாதக் கடைசியில் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. பயப்படாதே, சரியான பிறகுதான் எழுதுகிறேன். இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது! மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி. பின்னால் கொட்டகையில் தனியாகப் படுத்துக்கொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று அங்கிருந்தே சண்டை போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

நேற்று பழையபடி டீக்கடைக்குப் போனோம். சிவசாமி மாமா விடவில்லை. "பாத்தியா ஆண்டியப்பா! மூணே நாளு. சாயம் எறங்கிருச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்ல? ஒம் மக மொதல்ல எழுதினதுதான் சரி. தேவையில்லாம மாத்தி எழுதிட்டா" என்றார்.

அப்பா லேமினேட் அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பி மேசையில் வைத்தார். அதன் மேல் உன் ஜனவரிக் கடிதத்தை வைத்து, அடிக்கோட்டை விரலால் காட்டினார். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்: "தெரியாது."

"என்னப்பா இது? நர்சம்மாவே தெரியாதுன்னுட்டா, யாருக்குத் தெரியும்?"

"தெரியாதுன்னு எழுதத் தெரிஞ்சிருக்குல்லண்ணே. போன வருசம் எனக்கும் அது தெரியல, ஒங்களுக்கும் தெரியல" என்றார் அப்பா. "சரி, புதுத் தூள் போட்டு ஒரு டீ குடுங்க."

வரும் வழியில் ஜெராக்ஸ் கடைக்குப் போவோம், மூன்றாவது கடிதத்தையும் லேமினேட் செய்யலாம் என்று நானே சொன்னேன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து மீன் வெட்டுகிற கத்தியால் அந்தப் பிளாஸ்டிக்கின் ஓரத்தை மெதுவாகக் கீறி, இரண்டு கடிதங்களையும் கிழியாமல் தனித்தனியாகப் பிரித்து எடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு என் பையிலிருந்த பரீட்சை அட்டையை எடுத்து, மூன்று கடிதங்களையும் வரிசையாக அதில் வைத்துக் கிளிப்பை அழுத்தினார்.

"ஐயோ அப்பா, மே மாசம் எனக்குப் பப்ளிக் எக்ஸாம்!" என்றேன்.

"ஒனக்குப் புதுசு வாங்கித் தாரேன் ஆத்தா. இதுதான் நல்லது. ஒட்டிட்டா ஒட்டினதுதான், அப்பறம் ஒண்ணும் சேக்க முடியாது. ஒங்கக்கா இன்னும் எழுதுவால்ல?" என்றார்.

எழுதுவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை,
பிரகதீஸ்வரி